ஸ்டோர்ஸிலிருந்து பிளானிங்குக்கு: சப்ளை செயின் சான்றிதழ் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருந்து எழுதுகிறேன். வயது 28, படிப்பு பி.காம். ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் தயாரிக்கும் கம்பெனியில் 5 வருடமாக ஸ்டோர்ஸ் உதவியாளராக இருக்கிறேன். சம்பளம் 19,500 ரூபாய். எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் பிளானிங் பிரிவுக்குப் போய்விட்டார்கள். பெங்களூரில் ஒரு பயிற்சி மையம், மூன்று மாதம் சனி ஞாயிறு வகுப்பு நடத்தி ‘சர்வதேச சப்ளை செயின் சான்றிதழ்’ தருவதாகவும், வேலைக்கு உத்தரவாதம் என்றும் சொல்கிறது. கட்டணம் 1,40,000 ரூபாய். முன்பணமாக 5,000 கட்டிவிட்டேன். மீதிக்குத் தன் நகையை அடகு வைத்துக்கொள் என்கிறார் அம்மா. ஆங்கிலம் படித்தால் புரியும், பேசத் தயக்கம். சான்றிதழால் உண்மையிலேயே பதவியும் சம்பளமும் உயருமா? எதைப் படிக்கலாம்? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் நகை அடகுக்குப் போக வேண்டாம். சான்றிதழால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குப் பயன்படக்கூடிய சான்றிதழ் ஒன்று இருக்கிறது. அந்த மையம் விற்பது அதுதானா என்பது உங்கள் கடிதத்தைப் படித்த வரையில் தெளிவாகவில்லை. ‘சர்வதேச சான்றிதழ்’ என்று ஒரு பொருள் சந்தையில் கிடையாது. தேர்வு நடத்திச் சான்றளிக்கும் அமைப்புக்கும், தேர்வுக்கு வகுப்பெடுக்கும் பயிற்சி மையத்துக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். மையம் தன் பெயரில் அச்சடித்துக் கொடுக்கும் தாள், நீங்கள் வகுப்புக்கு வந்தீர்கள் என்பதற்கு மட்டுமே சாட்சி. அதை வைத்து எந்த ஹெச்.ஆரும் உங்களை பிளானிங் நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்.

தொழிலில் மதிப்புள்ள பெயர்கள் சிலவே. அமெரிக்காவில் 1957-ல் ‘ஏபிக்ஸ்’ என்ற பெயரில் தொடங்கி இப்போது ‘ஏ.எஸ்.சி.எம்.’ என்று அழைக்கப்படும் அமைப்பு நடத்தும் தேர்வுகளில் மூன்று முக்கியம். ஆலைக்குள் நடக்கும் திட்டமிடல், இருப்பு, உற்பத்தி அட்டவணை ஆகியவற்றுக்கு சி.பி.ஐ.எம். தேர்வு. சப்ளையரின் சப்ளையரில் தொடங்கி வாடிக்கையாளர் வரை முழுச் சங்கிலிக்கும் சி.எஸ்.சி.பி. கிடங்கு, போக்குவரத்து, விநியோகத்துக்கு சி.எல்.டி.டி. கொள்முதல் பக்கம் போகிறவர்களுக்கு அமெரிக்காவின் ஐ.எஸ்.எம். நடத்தும் சி.பி.எஸ்.எம்., பிரிட்டனின் ‘சிப்ஸ்’ இரண்டும் உண்டு. சிப்ஸுக்கு வளைகுடா நாடுகளில் நல்ல மதிப்பு. நம் நாட்டில் ஐ.ஐ.எம்.எம். என்கிற இந்தியப் பொருள் மேலாண்மை நிறுவனம் பட்டயப் படிப்பு நடத்துகிறது, ஓசூரிலேயே அதற்குக் கிளை இருக்கிறது. சென்னையில் சி.ஐ.ஐ. என்கிற இந்தியத் தொழில் கூட்டமைப்பின் லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் இருக்கிறது. பயிற்சி மையத்திடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்த வகுப்பு முடிந்ததும் நான் எந்த அமைப்பின் எந்தத் தேர்வை எழுதுவேன்? அந்தத் தேர்வுக் கட்டணம் இந்த 1,40,000-க்குள் அடங்குமா?” பதில் எழுத்தில் வர வேண்டும். வாயால் வரும் பதிலுக்கு மதிப்பில்லை.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இருக்கிற நாற்காலியில் இருந்துகொண்டு சான்றிதழை நீட்டினால் சம்பளம் பெரிதாக ஏறாது. ஸ்டோர்ஸ் உதவியாளர் என்ற பதவிக்குக் கம்பெனி ஒரு சம்பள வரம்பு வைத்திருக்கும், சான்றிதழ் அந்த வரம்பை உடைக்காது. பதவி மாறும்போதுதான் சம்பளம் மாறும். அந்தப் பதவி மாற்றத்தைத்தான் சான்றிதழ் எளிதாக்குகிறது. சான்றிதழ் பெற்றவர்கள் இவ்வளவு சதவீதம் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்று விளம்பரங்களில் வரும் எண்களை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் அவை அமெரிக்கச் சம்பளங்கள். அதோடு, இந்தத் தேர்வுகளை எழுதுகிறவர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே நல்ல பதவியில் இருந்து, கம்பெனி செலவில் எழுதுகிறவர்கள். சான்றிதழால் உயர்ந்தார்களா, உயரப் போகிறவர்கள் சான்றிதழும் வாங்கினார்களா என்பதை அந்த எண்கள் பிரித்துக் காட்டுவதில்லை.

அப்படியானால் உண்மையான பயன் எங்கே? நான் பார்க்கிற வரையில் மூன்று இடங்களில். பன்னாட்டுக் கம்பெனிகளின் வேலை விளம்பரங்களில் பிளானர், பையர் பதவிகளுக்கு சி.பி.ஐ.எம். அல்லது சி.எஸ்.சி.பி. இருந்தால் முன்னுரிமை என்று போடுகிறார்கள். விண்ணப்பங்களை வடிகட்டும்போது உங்கள் தாள் மேலே நிற்கும். அடுத்தது, துறை மாறும் சுதந்திரம். ஓசூரில் பிரேக் பாகம் செய்யும் ஆலையின் ஸ்டோர்ஸில் இருந்தவருக்கு சூளகிரிப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஆலையோ, போச்சம்பள்ளி சிப்காட்டோ, பர்கூரோ அந்நியமாகத் தெரியும். ஆனால் எம்.ஆர்.பி., அதாவது எந்தப் பொருள் எப்போது எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடும் திட்டம், ஓடும் முறையும், தட்டுப்பாடு வராமல் கூடுதலாக வைக்கும் சேஃப்டி ஸ்டாக் கணக்கும் எல்லா ஆலையிலும் ஒன்றுதான். நம் மாவட்டத்தில் மின்சார வண்டி, எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள் வந்த பிறகு இந்தச் சுதந்திரத்தின் மதிப்பு கூடியிருக்கிறது. மூன்றாவதுதான் பெரிது. ஸ்டோர்ஸில் வேலை என்பது வந்த பொருளை எண்ணுவது. பிளானிங்கில் வேலை என்பது எவ்வளவு பொருள் வர வேண்டும் என்று முடிவு செய்வது. நடுவில் உள்ள தூரம் முழுக்க இருப்பது கணக்கு. அந்தக் கணக்கைச் சான்றிதழ்ப் படிப்பு வரிசையாகச் சொல்லிக்கொடுக்கிறது.

என்ன கணக்கு என்று ஒரு உதாரணம் காட்டுகிறேன். உங்கள் ஆலையில் ஒரு ரப்பர் சீல் தினம் 400 செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். தினசரிச் செலவின் ஏற்ற இறக்கம், அதாவது ஸ்டேண்டர்ட் டீவியேஷன், 60. பெங்களூர் பீன்யாவில் உள்ள சப்ளையருக்கு ஆர்டர் போட்டால் 9 நாளில் வருகிறது. 95 சதவீத நேரம் ஷார்ட்டேஜ் வரக்கூடாது என்றால் பெருக்க வேண்டிய எண் 1.65. சேஃப்டி ஸ்டாக் = 1.65 × 60 × 9-ன் வர்க்கமூலம். 9-ன் வர்க்கமூலம் 3. ஆக 297, சுமார் 300. மறு ஆர்டர் போட வேண்டிய அளவு 400 × 9 + 300 = 3,900. பாடப்புத்தகத்தின் முதல் கணக்கு இதோடு முடிகிறது.

ஆனால் ஓசூரில் வேலை செய்கிற உங்களுக்கு அந்த 9 நாள் நிலையாக இருக்காது என்று தெரியும். சில்க் போர்டு நெரிசல், அத்திப்பள்ளி எல்லை, காவிரிப் பிரச்சினையில் பந்த் அறிவித்தால் ஜூஜுவாடியோடு நின்றுவிடும் வண்டிகள், சப்ளையரின் சொந்தத் தாமதம். லீட் டைமின், அதாவது ஆர்டர் போட்டுப் பொருள் வரும் வரை ஆகும் நாளின், ஏற்ற இறக்கம் 2 நாள் என்று வையுங்கள். இப்போது கணக்கு மாறுகிறது. 60-ன் வர்க்கத்தை 9-ஆல் பெருக்கினால் 32,400. 400-ன் வர்க்கம் × 2-ன் வர்க்கம் 6,40,000. இரண்டும் சேர்ந்து 6,72,400. அதன் வர்க்கமூலம் 820. அதை 1.65-ஆல் பெருக்கினால் 1,353. முன்னூறாக இருந்த சேஃப்டி ஸ்டாக் ஆயிரத்து முன்னூற்று ஐம்பதுக்கு ஏறிவிட்டது! சீல் ஒன்று 40 ரூபாய் என்றால் அந்தக் கூடுதல் 1,050 சீல்களில் 42,000 ரூபாய் அடுக்கில் தூங்குகிறது. ஒரு ஐட்டத்துக்கே இவ்வளவு. நம் ஆலையில் செலவு ஏறி இறங்குவதைவிட, சப்ளையரின் நாள் ஏறி இறங்குவதுதான் பணத்தை அதிகம் முடக்குகிறது என்று இந்தக் கணக்கு காட்டுகிறது. இதை ஒரு தாளில் போட்டுக் கொள்முதல் மேலாளரிடம் காட்டுகிறவரை யாரும் ஸ்டோர்ஸ் உதவியாளராக மட்டும் பார்க்க மாட்டார்கள். இதற்குத் தேவையான எண்கள், அதாவது லைனுக்குப் பொருள் கொடுத்த தினசரி இஷ்யூ, ஆர்டர் தேதி, பொருள் வந்து சேர்ந்ததைப் பதியும் ஜி.ஆர்.என். தேதி எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கின்றன. 

பி.காம். என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள் போலத் தொனிக்கிறது. அது குறையே இல்லை. இருப்பு என்பது முடங்கிய பணம் என்பது பி.காம். படித்தவருக்கு விளக்காமல் புரியும். பெங்களூர் சப்ளையர் என்றால் வேறு மாநிலம், ஐ.ஜி.எஸ்.டி., 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு என்றால் இ-வே பில், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி. இதையெல்லாம் பொறியியல் படித்த பிளானர்கள் அக்கவுண்ட்ஸிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

எந்தச் சான்றிதழ்? பிளானிங்தான் இலக்கு என்றால் சி.பி.ஐ.எம்.தான். சி.எஸ்.சி.பி. என்ற பெயர் பெரிதாகத் தெரியும், மையங்களும் அதைத்தான் தள்ளுவார்கள். ஆனால் அது சங்கிலி முழுவதையும் மேலிருந்து பார்க்கும் படிப்பு. ஒரு பிரிவின் முடிவுகளைக்கூட எடுக்காத நிலையில் அதைப் படித்தால் மனப்பாடமாகத்தான் நிற்கும். நான்கைந்து வருடம் பிளானிங்கில் இருந்த பிறகு அதை எடுங்கள். சி.பி.எஸ்.எம். இப்போது உங்களுக்குப் பொருந்தாது. பட்டதாரிகளிடம் அது கேட்கும் மூன்று வருட அனுபவம், எழுத்தர் நிலைக்கு மேற்பட்ட கொள்முதல் அல்லது சப்ளை வேலையாக இருக்க வேண்டும். உதவியாளர் பதவியில் கழித்த வருடங்கள் அதில் சேருவது கடினம்.

சி.பி.ஐ.எம். இப்போது 8.0 பதிப்பில் ஒரே தேர்வு. 150 கேள்விகள், மூன்றரை மணி நேரம். மதிப்பெண் 200 முதல் 350 வரையான அளவில் வரும், 300 எடுத்தால் தேர்ச்சி. எட்டுப் பாடப் பகுதிகள்: வியூகம், விற்பனையும் உற்பத்தியும் சேர்ந்த திட்டமிடல், தேவை, சப்ளை, இருப்பு, விரிவான அட்டவணை, விநியோகம், தரமும் தொழில்நுட்பமும். முன்பு இது பார்ட் 1, பார்ட் 2 என்று இரண்டு தேர்வாக இருந்தது. அந்தக் காலத்து நோட்ஸையும் கேள்வித் தொகுப்பையும் ஜெராக்ஸ் போட்டு விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வாங்காதீர்கள். தேறிய பிறகும் வேலை முடியாது. ஐந்து வருடத்துக்குள் 75 புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். வகுப்பு, கருத்தரங்கு, வேறு தேர்வு எல்லாம் புள்ளி தரும். விட்டுவிட்டால் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளைப் போட்டுக்கொள்ள முடியாது.

செலவையும் மறைக்காமல் சொல்கிறேன். உறுப்பினர் கட்டணம், பாடத்தொகுப்பு, தேர்வுக் கட்டணம் என்று மூன்றும் டாலரில் வரும். சேர்த்துப் பார்த்தால் லட்சத்தைத் தாண்டும். தோற்றால் தேர்வுக் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும். ஆகவே இதை உங்கள் முதல் படியாக வைக்க மாட்டேன். 19,500 சம்பளத்தில் முதலில் செய்ய வேண்டியது, குறைந்த செலவில் நீங்கள் இந்த வேலைக்கு ஆனவர்தானா என்று பார்ப்பது.

அதற்கு என்.பி.டெல். இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து நடத்துவது, வீடியோ பாடங்கள் இலவசம். ஜனவரியிலும் ஜூலையிலும் பருவம் தொடங்கும். சப்ளை செயின், இருப்பு மேலாண்மை, ஆபரேஷன்ஸ் என்று பாடங்கள் வரும். நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 1,000 ரூபாய். வாராந்திர வீட்டுப்பாடத்துக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். வீட்டுப்பாடத்தில் 10-ம் தேர்வில் 30-ம் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். தேர்வுக்குப் படித்துக்கொள்ளலாம் என்று வீட்டுப்பாடத்தை விட்டவர்கள்தான் இதில் அதிகம் தோற்கிறார்கள். பாடங்களில் கணிசமானவற்றுக்குத் தமிழில் எழுத்து வடிவமும் கிடைக்கிறது, பாடம் தேர்ந்தெடுக்கும்போது பாருங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் சப்ளை செயின் பாடங்களும் இணையத்தில் பார்ப்பதற்கு இலவசம், சான்றிதழுக்குத்தான் பணம்.

அதே சமயம் ஆலையில் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் கம்பெனி எஸ்.ஏ.பி. என்ற நிர்வாக மென்பொருள் வைத்திருந்தால் நீங்கள் அதன் மிகோ திரையில் 101 போட்டு ஜி.ஆர்.என். எடுக்கிறீர்கள், 261 போட்டு இஷ்யூ செய்கிறீர்கள். எம்.டி.04 என்ற திரையைப் பார்க்க மட்டுமான அனுமதியை ஐ.டி. பிரிவில் கேட்டு வாங்குங்கள். எந்தப் பொருளுக்கு எந்த நாளில் எவ்வளவு தேவை, எப்போது பற்றாக்குறை வரும் என்பதை பிளானர் பார்ப்பது அந்தத் திரையில்தான். தினம் பத்து நிமிடம், பத்துப் பொருள். நீங்கள் இரண்டு நாள் தாமதமாகப் போட்ட ஒரு ஜி.ஆர்.என். அங்கே தேவையில்லாத ஒரு அவசர ஆர்டராக மாறுவதை ஒரு மாதத்துக்குள் கண்ணால் பார்ப்பீர்கள். எஸ்.ஏ.பி. இல்லாத கம்பெனியென்றால் எக்ஸெலே போதும். பிவட் டேபிள், லுக்அப், ஸ்டேண்டர்ட் டீவியேஷன் சூத்திரம் மூன்றும் கைவந்தால் மேலே போட்ட கணக்கு முழுவதையும் 500 ஐட்டத்துக்கு ஒரே மதியத்தில் போடலாம்.

இரண்டாவது காரியம் சைக்கிள் கவுண்டிங். வருடத்துக்கு ஒரு முறை மார்ச் மாதத்தில் ஆலையை நிறுத்தி எண்ணுவதற்குப் பதிலாக, தினம் கொஞ்சம் எண்ணுவது. உங்கள் ஸ்டோர்ஸில் 1,200 ஐட்டம் இருந்தால், செலவாகும் பண மதிப்பின்படி ஏ 120, பி 240, சி 840 என்று பிரியுங்கள். ஏ மாதம் ஒரு முறை, பி மூன்று மாதத்துக்கு ஒரு முறை, சி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. வருடத்தில் 1,440, 960, 1,680, மொத்தம் 4,080 எண்ணிக்கை. 300 வேலை நாளில் வகுத்தால் தினம் 14 ஐட்டம். ஒரு ஆள், ஒரு மணி நேரம். அனுமதிக்கும் வித்தியாசம் ஏ-வுக்கு 0.2, பி-க்கு 1, சி-க்கு 5 சதவீதம் என்பது வழக்கமான அளவு.

இதில் பலர் கோட்டை விடும் இடத்தைச் சொல்கிறேன். வித்தியாசம் வந்ததும் சிஸ்டத்தில் எண்ணைத் திருத்திவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். அடுத்த மாதம் அதே ஐட்டத்தில் அதே வித்தியாசம் வரும். எண்ணைத் திருத்துவதோடு காரணத்தையும் எழுத வேண்டும். இரவு ஷிஃப்டில் லைனுக்குக் கொடுத்த பொருளுக்குக் காலையில் இஷ்யூ போட மறந்தது, ரிஜெக்‌ஷன் தொட்டியில் கிடப்பதைப் பதிவு செய்யாதது, கிலோவில் வாங்கி எண்ணிக்கையில் கொடுக்கும் போல்ட், வேறு அடுக்கில் வைத்தது, ஒரு பொருள் செய்ய எது எத்தனை வேண்டும் என்ற பட்டியலான பில் ஆஃப் மெட்டீரியலில் இரண்டு என்றிருக்க லைனில் மூன்று போடுவது. மூன்று மாதம் எழுதினால் மூன்று காரணங்களே பெரும்பகுதியை விழுங்குவது தெரியும். அவற்றைச் சரிசெய்யுங்கள். ஆரம்பத்தில் எத்தனை சதவீத ஐட்டம் சரியாக இருந்தது, ஆறு மாதத்தில் எத்தனை ஆனது என்ற இரண்டு எண்களையும் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்டோர்ஸில் 5 வருட அனுபவம்’ என்ற வரி உங்கள் பயோடேட்டாவில் இருந்து போய் அந்த இரண்டு எண்களும் அங்கே வர வேண்டும். நேர்காணலில் சி.பி.ஐ.எம். என்ற பெயரைப் பார்த்ததும் அவர்கள் கேட்கப் போவது “அதை வைத்து என்ன செய்தீர்கள்?” என்றுதான். பதில் இல்லாமல் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர்கள் அந்தக் கேள்வியில் விழுகிறார்கள்.

இதற்குப் பிறகு கம்பெனியிடமே பணம் கேளுங்கள். வண்டி உதிரிபாகக் கம்பெனி என்றால் வாடிக்கையாளர் கேட்கிறார் என்று ஐ.ஏ.டி.எஃப். 16949 என்ற தரச்சான்று வைத்திருப்பார்கள். பணியாளர் திறனையும் பயிற்சியையும் பதிவில் காட்டச் சொல்கிறது அந்தத் தரநிலை. ஆகவே ஹெச்.ஆரிடம் யாருக்கு என்ன திறன் என்று காட்டும் ஸ்கில் மேட்ரிக்ஸும் ஏதோ ஒரு பயிற்சிச் செலவுத் தொகையும் இருக்கும். ஏப்ரலில் தொடங்கும் வருடத்துக்கான பட்ஜெட் ஜனவரி, பிப்ரவரியில் போடப்படும். அப்போது ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: சைக்கிள் கவுண்டிங்கில் கிடைத்த எண்கள், சேஃப்டி ஸ்டாக் கணக்கில் குறைக்க முடியும் என்று தெரிந்த தொகை, சி.பி.ஐ.எம். செலவு, தேறினால் திருப்பித் தந்தால் போதும் என்ற வேண்டுகோள். ‘தேறினால்’ என்ற அந்த நிபந்தனை இருந்தால் கையெழுத்து எளிதாகக் கிடைக்கும். ஒன்றிரண்டு வருடம் வேலையை விட மாட்டேன் என்று பாண்ட் எழுதிக் கேட்பார்கள். நடுவில் விலகினால் கட்ட வேண்டிய தொகை மாதா மாதம் குறையும்படி எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கல்யாணம், குழந்தை, ஊர் மாற்றம் எதுவாயிருந்தாலும் அந்த வரி உங்களைக் காக்கும்.

படிப்பு நேரம். காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூருக்கு 60 கிலோமீட்டர், கம்பெனி பஸ்ஸில் போக வர எப்படியும் மூன்று மணி நேரம். ஓடும் பஸ்ஸில் கணக்குப் போட முடியாது, சொற்களைப் படிக்கலாம். ஏ.எஸ்.சி.எம். அகராதியில் உள்ள சொற்கள்தான் தேர்வின் முதுகெலும்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் உங்கள் ஸ்டோர்ஸில் உள்ள ஒரு உதாரணத்தைத் தமிழில் எழுதி வையுங்கள். வீட்டில் வேலை நாள் ஒரு மணி, ஞாயிறு மூன்று மணி என்றால் ஆறு மாதத்தில் 230 மணி நேரம் சேரும். அது போதும். கேள்விகள் நான்கு விடையில் ‘மிகப் பொருத்தமானது’ எது என்று கேட்கும். உங்கள் ஆலையில் நடக்கிற வழக்கம் மனதில் ஓடும், அதைத் தேர்ந்தெடுத்தால் தவறாகிவிடும். ஷார்ட்டேஜ் வந்தால் நம் ஊரில் முதலில் வண்டி அனுப்புவோம். பாடப்புத்தகம் முதலில் அட்டவணையைச் சரிபார்க்கச் சொல்லும். அனுபவசாலிகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பெயரில் கவனம் வேண்டும். நம் இனிஷியல் வழக்கம் அந்தப் படிவங்களுக்குப் புரியாது. முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் நீங்கள் காட்டும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பாஸ்போர்ட் இருந்தால் சிக்கல் குறைவு, இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். வீட்டிலிருந்தே எழுதும் வசதி உண்டு. ஆனால் மின்வெட்டும் நெட்டும் நம் கையில் இல்லாத ஊரில் மூன்றரை மணி நேரத் தேர்வை வீட்டில் எழுதச் சொல்ல மாட்டேன். பெங்களூர் மையத்துக்கே போங்கள்.

ஆங்கிலம் பேசத் தயக்கம் என்றீர்கள். பிளானரின் நாள் போனில்தான் போகும், உண்மை. ஆனால் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகனி சப்ளையர்களோடு பேசக் கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலத்தைவிட வேகமாக வேலை செய்கின்றன. கிருஷ்ணகிரிக்காரர்களில் பலருக்கு இவை காதில் விழுந்தே வந்தவை. உங்களுக்கும் தெரிந்தால் பயோடேட்டாவில் தவறாமல் போடுங்கள். ஆங்கிலத்தில் வாரம் ஒரு மின்னஞ்சல், ‘இந்த மூன்று ஐட்டம், இந்தத் தேதி, இவ்வளவு குறைவு’ என்ற அளவில் எழுதிப் பழகுங்கள். பேச்சு அதிலிருந்து வரும்.

ஊரோடு இருக்க வேண்டும் என்ற எண்ணம் பின்னால் வந்தால் இன்னொரு வழியும் உண்டு. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா ரக மாம்பழக் கூழை 215 கிலோ டிரம்மில் அடைத்து, 20 அடி கன்டெய்னருக்கு 80 டிரம் வீதம், அதாவது 17.2 டன், துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள். கன்டெய்னர் முன்பதிவு, ஏற்றுமதி ஆவணம், கிடங்கு இருப்பு தெரிந்த ஆள் அங்கே தேவை. அதற்கு சி.பி.ஐ.எம்.ஐ விட சி.எல்.டி.டி. பொருந்தும். ஆனால் பருவம் கோடையில் சில மாதமே, மற்ற மாதங்களில் வேலை எப்படி இருக்கும், சம்பளம் பன்னிரண்டு மாதமும் வருமா என்று கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

கடைசியாக அந்த 5,000. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, விலகுகிறேன், முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். ரசீது, விளம்பரம், ‘வேலைக்கு உத்தரவாதம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அழிக்கக் கூடியவை அவை. 15 நாளில் பதில் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம், கட்டணம் கிடையாது. அதற்கும் மசியவில்லையென்றால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பணம் வர எத்தனை நாள் ஆனாலும், கட்டியது போய்விடுமே என்று மீதி 1,35,000-ஐ மட்டும் கட்டிவிடாதீர்கள்.